தங்கத்தில் களிம்பு ஏறாது

பித்தளையைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்வதில்லை. எனக்கு அதில் பல வருஷத்து வருத்தம் உண்டு. குத்துவிளக்குக்குப் பித்தளை வேண்டும், தண்ணீர்க் குடத்துக்கு வேண்டும், இந்த அறையின் கதவுத் தாழ்ப்பாளுக்குக்கூட வேண்டும். கழுத்துக்கு என்று வந்தால் மட்டும் முகம் சுளிப்பார்கள். கவரிங் என்று சொல்லும்போதே குரல் இறங்கிவிடும். முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இறங்காத குரலை நான் கேட்டதில்லை.

என் பெயர் வைத்தியலிங்கம். வயது ஐம்பத்து நான்கு. தலத்தெருவில் வீடு, காரைக்கால் மார்க்கெட் பக்கம் கவரிங் கடை. இதெல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது சார். முதலிலிருந்து சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்.

மேஜை மேல் பிளாஸ்டிக் உறையில் ஒரு செயின் வைத்திருக்கிறீர்கள். தொடக்கூடாது என்கிறார் ஏட்டம்மா அஜீசுன்னிசா. தொடாமலே சொல்வேன். 916 தங்கம், முறுக்குச் செயின். கொக்கியிலிருந்து மூன்றாவது கண்ணியில் பற்றவைத்த இடம் இருக்கும், அந்த இடம் மட்டும் கொஞ்சம் சிவப்பாகத் தெரியும், பற்றுக்குச் செம்பு கூடுதலாகப் போட்டுவிட்டார்கள். அது கிளிஞ்சல்மேட்டு வினோதினியின் தாலிச் செயின். மாசி மகத்தன்று கடலில் இறந்துபோன என் மனைவி நீலாயதாட்சியின் கழுத்திலிருந்து நீங்கள் கழற்றியது. அங்கே அது எப்படிப் போனது என்பதுதான் உங்கள் கேள்வி. பதில் சொல்கிறேன். உலோகம் தெரியாமல் அந்தப் பதில் புரியாது என்பதால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தங்கத்தில் தொடங்குவோம். சுத்தத் தங்கம் நகத்தால் கீறினால் கீறல் விழுகிற அளவுக்கு மெத்தென்று இருக்கும். அதனால் நூற்றுக்கு எட்டுப் பங்கு செம்போ வெள்ளியோ சேர்த்துக் கெட்டியாக்குகிறார்கள். அதுதான் 916. எத்தனை பேருக்கு இது தெரியும்? சுத்தத் தங்கம் என்று பெருமையாகப் போட்டுக்கொண்டு வருகிற அம்மாக்களிடம், இதில் செம்பு இருக்கிறதே என்று சொன்னால் அடிக்க வருவார்கள். தங்கத்துக்கு ஒரே ஒரு குணம்தான் உண்மையான குணம், எதனோடும் சேராது. தண்ணீர், உப்பு, வியர்வை, எதுவும் அதை ஒன்றும் செய்யாது. அதனால் தோலிலும் ஒன்றும் விட்டுவைக்காது. வெள்ளி அப்படியில்லை, காற்றில் இருந்தாலே கறுக்கும், ஆனால் நல்ல மனசு, விபூதி போட்டுத் தேய்த்தால் திரும்பி வந்துவிடும். காலுக்கு வெள்ளி, கழுத்துக்குத் தங்கம் என்று நம்மவர்கள் வைத்திருக்கிறார்கள். தங்கம் காலில் பட்டால் லட்சுமி கோபித்துக்கொள்வாளாம். ஜெர்மன் சில்வர் என்று ஒன்று விற்கிறோம், அதில் வெள்ளி ஒரு துளி கிடையாது. நிக்கல் கலந்தது, சிலருக்குக் காது புண்ணாகிவிடும். பிளாட்டினம் எங்கள் ஊரில் ஓடாது. வெள்ளியென்று நினைத்துவிடுவார்களோ என்று பயப்படுவார்கள்.

செம்பும் பித்தளையும்தான் உழைக்கிற ஜாதி. கவரிங் என்றால் செம்பிலோ பித்தளையிலோ செய்து மேலே தங்க முலாம் பூசுவது. முலாம் எவ்வளவு கனம் என்று கேட்காதீர்கள், சொன்னால் நீங்களும் குரலை இறக்கிவிடுவீர்கள். உள்நாட்டில் இருக்கிற பெண் ஒரு வருஷம் போடலாம். கடற்கரைப் பெண்கள், மீன் கூடையும் உப்புத்தண்ணீருமாக இருக்கிறவர்கள், ஆறு மாசம். பிறகு முலாம் போய்ச் செம்பு வெளியே வரும். வியர்வை பட்டால் களிம்பு ஏறும். கழுத்தைச் சுற்றிப் பச்சையாக ஒரு கோடு விழும்.

இருபத்திரண்டு வருஷம் ஒரு பெரிய தங்க நகைக்கடையில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். உரைகல்லில் உரசித் தரம் சொல்கிற வேலை. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, சட்டைப் பை, வேட்டி மடிப்பு, இடுப்பில் கட்டியிருக்கிற வெள்ளி அரைஞாண் வரைக்கும் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். இருபத்திரண்டு வருஷமும், ஒரு நாள் விடாமல். நான் ஒரு தங்கப் பொடிகூட எடுத்ததில்லை. அங்கே எடுக்கத் தோன்றவில்லை. சொந்தமாகக் கடை வைத்த பிறகுதான் தோன்றியது, ஏனென்று எனக்கே தெரியவில்லை. தடவிப் பார்க்க ஆள் இல்லாததால் இருக்கலாம்.

பெண்கள் தாலிச் செயினைப் பாலிஷுக்குக் கொடுப்பார்கள். தாலியையும் குண்டுகளையும் கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வெறும் செயினை மட்டும் கொடுத்துவிட்டுப் போவார்கள். இரண்டு நாள் கழித்து வாங்கிக்கொள்வார்கள். அந்த இரண்டு நாளில் அதே மாதிரி ஒன்றைச் செம்பில் செய்து முலாம் போட்டுக் கொடுத்துவிடலாம். எடை குறையும்தான். ஆனால் தாலி, குண்டு, காசு எல்லாம் மறுபடி கோத்துப் போட்டுக்கொண்ட பிறகு செயினின் எடை தனியாகத் தெரியாது. பளபளவென்று இருந்தால் சந்தோஷமாகப் போய்விடுவார்கள். எல்லாரிடமும் செய்யவில்லை. பதினோரு பேர். எல்லாரும் கடற்கரைப் பெண்கள். சந்தையில், பஸ்ஸில், கருக்கலில் தனியாகப் போய்வருகிறவர்கள். செயின் அறுப்பவன் கண்ணில் அசல் பட்டால் கழுத்தும் சேர்ந்து போகும். கவரிங் போட்டிருந்தால் உயிராவது மிஞ்சும். நான் அப்படித்தான் நினைத்தேன். இப்போதும் அதில் பெரிய தப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

பத்துச் செயினை உருக்கிவிட்டேன். வினோதினியின் முறுக்குச் செயினை மட்டும் உருக்க மனம் வரவில்லை. நல்ல வேலைப்பாடு. டிராயரில் போட்டுவைத்திருந்தேன். அதை அன்றைக்கே உருக்கியிருந்தால் இன்றைக்கு எல்லாரும் அவரவர் வீட்டில் இருந்திருப்போம்.

கார்த்திகை மாசம் ஒரு நாள் மத்தியானம் வினோதினி கடைக்கு வந்தாள். அவள் புருஷன் முகிலன் ஃபைபர் போட்டில் மீன்பிடிக்கப் போகிறவன். முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள்.

"அண்ணே, கழுத்தச் சுத்திப் பச்சையா இருக்குண்ணே. தங்கத்துல இப்புடி வருமா?"

உடம்புச் சூடும்மா, சிலருக்குத் தங்கமே ஒத்துக்காது, மோர் நிறையக் குடி என்றேன். தொழிலில் எல்லாரும் சொல்கிற பதில்தான். அவளும் சரி என்று தலையாட்டினாள். கல்லாப் பக்கத்தில் நீலாயதாட்சி உட்கார்ந்திருந்தாள். எங்களுக்குக் குழந்தை இல்லை, அதனால் அவளும் தினம் கடைக்கு வந்துவிடுவாள். அவள் எழுந்துபோய், புளித்தண்ணீரில் துணியை நனைத்து வினோதினியின் கழுத்தைத் துடைத்துவிட்டாள். அந்தப் பெண் போன பிறகு என் டிராயரைத் திறந்து செயினை எடுத்து என் முன்னால் வைத்தாள். என்னோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் செய்தவளுக்குத் தங்கத்தில் களிம்பு ஏறாது என்று தெரியாதா?

எத்தனை பேர் என்று கேட்டாள். சொன்னேன். நான் அவளிடம் பொய் சொல்கிறவன் இல்லை.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் விசித்திரம். தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிவிட்டு, தன் செயினைக் கழற்றிக் கொண்டுபோய், என்னிடம் ஏமாந்தவர்களில் வயசான ஒரு மீன்காரம்மாவிடம் கொடுத்துவிட்டாள். பாலிஷுக்கு வந்தது மாறிப்போய்விட்டது என்று ஏதோ சொல்லியிருக்கிறாள். வளையல்கள் இன்னொருத்திக்கு. தோடு இன்னொருத்திக்கு. பிறகு கடை அட்டையில் வெகுநாள் தொங்கி முலாம் மங்கிப்போன கவரிங் செயின் ஒன்றை எடுத்துத் தன் தாலியை அதில் கோத்துப் போட்டுக்கொண்டாள். தங்கத் தாலி, செம்புச் செயின். அந்தப் பதினோரு கழுத்திலும் தங்கம் ஏறுகிறவரை தன் கழுத்திலும் இதுதான் என்றாள். ஒரு மாசத்தில் அவள் கழுத்திலும் பச்சைக் கோடு விழுந்தது. புளி போட்டுத் துடைக்கவே இல்லை. தினம் காலையில் குளித்ததும் அந்தத் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். என் ஆயுசுக்காகத்தான். அதை மட்டும் விடவில்லை.

இதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படிச் சாப்பிடுவான் சொல்லுங்கள். எதிரில் உட்கார்ந்து சோறு போடுவாள், குனியும்போது பச்சைக் கோடு தெரியும். கழற்று என்று சொல்லிப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். ஒரு தடவை நானே கழற்றப் போனபோது அவள் தடுத்தாள், அதில் சுண்டுவிரல் முறிந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப்போனேன், படியில் விழுந்ததாக அவளே சொன்னாள்.

அவள் கையில் இருக்கும் தழும்பைப் பற்றியும் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் கேட்டாராம். அது தை மாசத்தில். உலோகத்தைச் சோதிக்க ஆசிட் வைத்திருக்கிறோம். நல்ல தங்கத்தில் ஒரு சொட்டு விட்டால் ஒன்றும் ஆகாது. வெள்ளியில் பால் மாதிரி வெளுத்து வரும். பித்தளையும் செம்பும் பச்சையாக நுரைத்துப் பொங்கும். இதை அவளுக்குக் காட்ட நினைத்தேன், நீ என்ன கண்றாவியைக் கழுத்தில் சுமக்கிறாய் பார் என்பதற்காக. செயினின் ஒரு நுனியை அவள் உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டு விட்டேன். நுரைத்தது. கொஞ்சம் வழிந்து மணிக்கட்டில் பட்டது. அது தெரியாமல் பட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த சொட்டு நான் தெரிந்தே விட்டது. தோலில் ஆசிட் பட்டால் மஞ்சள் நிறமாகும் சார், மஞ்சள் அரைத்துப் பூசிய மாதிரி. பிறகுதான் புண்ணாகும். அவள் கையை இழுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் அவமானமாக இருந்தது.

மறுநாள் நானே மருந்து போட்டுவிட்டேன். அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள்.

"மாசி மகத்துக்குக் கிளிஞ்சல்மேட்டுலயே முழுக்குப் போடுவோங்க. முழுகிட்டு ஈரத்தோடயே போயி, வினோதினி செயினை அவ கையில கொடுத்துடுவோம். நீங்களே கொடுங்க. நீங்களே எல்லாத்தையும் சொல்லிடுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

பக்கத்தில் நிற்கிறேன் என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். திட்டியிருந்தால், விட்டுப் போயிருந்தால், உங்களிடம் வந்து புகார் எழுதிக் கொடுத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. கிளிஞ்சல்மேட்டில் ஒரு வீட்டு வாசலில் நான் திருடன் என்று சொல்லிக்கொண்டு நிற்கவேண்டும், பக்கத்தில் இவள் பச்சைக் கழுத்தோடு நிற்பாள். மறுநாள் மற்ற பத்துப் பேரும் கடை வாசலுக்கு வருவார்கள். முப்பது வருஷம் கட்டிக் காத்த பெயர். சரி என்றேன். சரி என்று சொன்ன அந்த நேரத்திலேயே முடிவு செய்துவிட்டேன். ஆத்திரத்தில் செய்தது என்று வக்கீல் யாராவது சொல்ல வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள், நான் அன்றைக்கு நிதானமாகத்தான் இருந்தேன்.

மாசி மகத்தன்று காலை ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். தீர்த்தவாரிக்குச் சாமி வர நேரம் இருந்தது. கூட்டம் தெற்கே பந்தல் பக்கம். நாங்கள் வடக்கே, போட்டுகளை இழுத்துப் போட்டிருக்கிற பக்கம் இறங்கினோம். திருநாள் என்பதால் யாரும் தொழிலுக்குப் போகவில்லை, போட்டுகள் வரிசையாகக் கரையில் கிடந்தன. வினோதினியின் செயினைச் சின்னத் துணிப்பையில் போட்டு இடுப்பு அரைஞாணில் கட்டியிருந்தேன். அவள்தான் கட்டிவிட்டாள், அலை இழுத்துக்கொண்டு போய்விடக்கூடாதே என்று இரண்டு முடிச்சு.

புருஷன் பெண்டாட்டி கைகோத்து மூன்று முழுக்குப் போடவேண்டும். இடுப்பளவு தண்ணீர். முதல் முழுக்கு போட்டோம். இரண்டாவதும் போட்டோம். மூன்றாவதில் நான் எழுந்தேன், அவளை எழ விடவில்லை.

ஒரு கையால் பிடரிப் பக்கம் செயினைத் தாலியோடு சேர்த்துப் பிடித்து, முழங்காலை முதுகில் வைத்து அழுத்தினேன். அவள் மெலிந்தவள், ஆனால் உயிர் போகிற நேரத்தில் எல்லாருக்கும் பலம் வந்துவிடுகிறது. என் கையைப் பிறாண்டினாள், கீறலைப் பார்த்தீர்கள். ஒரு கை என் அரைஞாணைப் பிடித்துக்கொண்டது. வெள்ளி அறுபடாது, இழுபடும். இடுப்பில் பதிந்து ரத்தம் வந்துவிட்டது. ஒரு பெரிய அலை வந்து இரண்டு பேரையும் தூக்கிப் போட்டது. அதில் ஒரு தடவை அவள் தலை வெளியே வந்தது. வாயெல்லாம் மணல். அலைதான் தன்னை இழுக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள், என்னை நினைக்கவில்லை.

"என்னங்க, கைய விட்டுடாதீங்க" என்றாள்.

நான் விடவில்லை. மறுபடி அமுக்கினேன். செம்புக் கம்பி அதிகம் முறுக்கினால் பட்டென்று அறுந்துவிடும், அறுந்தது. தாலி என் உள்ளங்கையில் தங்கிவிட்டது, செயின் போய்விட்டது. அதன் பிறகு தலைமுடியைப் பிடித்துக்கொண்டேன். கால்கள் உதைப்பது நின்றது. நின்ற பிறகும் ஐந்தாறு அலை வந்துபோகிறவரை பிடித்திருந்தேன். எந்த வேலையையும் அரைகுறையாக விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

போட்டுகளுக்கு நடுவே இழுத்து வந்து மணலில் கிடத்தினேன். இடுப்பிலிருந்து துணிப்பையை அவிழ்த்தேன். அவள் போட்ட முடிச்சு, ஈரத்தில் இறுகியிருந்தது, பல்லால் அவிழ்க்க வேண்டியிருந்தது. வினோதினியின் செயினில் அவள் தாலியைக் கோத்தேன். கண்ணாடி இல்லாமல், உப்புத்தண்ணீர் கண்ணில் எரிய, அந்தச் சின்னக் கொக்கியை மாட்ட கொஞ்ச நேரம் ஆனது. கழுத்தைச் சுற்றிப் போட்டேன். பிறகு எழுந்து நின்று கத்தினேன்.

முதலில் ஓடிவந்தவள் வினோதினி. அவள் வீடு அங்கேதான். நீலாயதாட்சியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அக்கா அக்கா என்று கன்னத்தைத் தட்டினாள். வாயிலிருந்து மணலை விரலால் எடுத்தாள். முடியை ஒதுக்கியபோது அவள் கை நின்றுவிட்டது. கொக்கியிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தாள், மூன்றாவது கண்ணி வரைக்கும்.

"இது என் செயின்" என்றாள். அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

916 எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்மா என்றேன். அதற்குள் பந்தோபஸ்துக்கு நின்ற அஜீசுன்னிசா அம்மா வந்துவிட்டார். அவர் செயினைப் பார்க்கவில்லை, செயினுக்குக் கீழே பார்த்தார். தங்கச் செயினுக்கு அடியில் பச்சையாக ஒரு கோடு. இரண்டு மாசக் களிம்பு, கடல் தண்ணீரில் போகவில்லை. நானே பூசி விற்ற களிம்பு, நானே மறந்துவிட்டேன். இது என்ன என்று கேட்டார். உடம்புச் சூடும்மா, சிலருக்குத் தங்கமே ஒத்துக்காது என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது.

அவர் தன் யூனிபாரம் காலரை விலக்கித் தன் செயினைக் காட்டினார். "பத்தொம்பது வருஷமா வெயில்ல நிக்கிற உடம்பு இது. இதைவிடச் சூடு எந்த உடம்புக்கு வரும்? எங்க பச்சை, காட்டுங்க" என்றார். வினோதினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கழுத்தில் கிடந்ததைப் பிடித்து இழுத்தாள். அது சுலபமாக அறுந்தது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீலாயதாட்சியைக் கொன்றது நான். பதினோரு செயினை எடுத்ததும் நான். கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள்.

நீங்கள் நேற்று கேட்ட ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. வெறும் கழுத்தாக விட்டிருந்தால், செயினை அலை கொண்டுபோய்விட்டது என்று ஊரே நம்பியிருக்கும், நானும் இந்நேரம் காரியத்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருப்பேன். பிறகு ஏன் போட்டீர்கள் என்றீர்கள். என் மனைவி சுமங்கலியாக, நல்ல தங்கத்தோடு போகவேண்டும் என்று போட்டேன் என்றேன். ஏட்டம்மா எழுதிக்கொண்டார். அது பொய்யில்லை. நான் அவளுக்குக் குறை வைத்தவன் இல்லை.

ஆனால் இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன், அது மட்டும் இல்லை. மணலில் கிடத்தித் திருப்பிப் போட்டபோது அவள் நெற்றியில் குங்குமம் கரைந்துபோயிருந்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை. இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கழுத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. புருஷன் செத்துப்போன பெண்கள் அப்படித்தான் இருப்பார்கள். தண்ணீருக்குள் எனக்குப் பயம் வரவே இல்லை சார், அப்போதுதான் வந்தது. எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்துதான் அவசர அவசரமாகக் கோத்துப் போட்டேன்.